படத்துக்கு எவ்வளவு இடம், பேனலுக்கு எவ்வளவு இடம்

படம் திருத்தும் மென்பொருளில் திரை முழுவதும் படத்துக்குக் கிடைப்பதில்லை. 1366×768 பிக்சல் கொண்ட சாதாரண மடிக்கணினியில் போட்டோஷாப்பைத் திறந்தால், இடது ஓரத்து டூல்பார் 40 பிக்சலையும் வலது ஓரத்துப் பேனல்கள் சுமார் 300 பிக்சலையும் எடுத்துக்கொள்கின்றன. மேலே மெனு, ஆப்ஷன்ஸ் பட்டை, கோப்பின் பெயர்ப்பட்டி மூன்றும் சேர்ந்து 100 பிக்சல். கீழே விண்டோஸ் டாஸ்க்பார் 40. படத்துக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 1026×628 பிக்சல், அதாவது திரையில் ஐந்தில் மூன்று பங்கு. மீதி இரண்டு பங்கில் இருப்பவற்றுள் பாதிக்கு மேல் அன்றைய வேலைக்குத் தேவைப்படாதவை. சாளரங்களையும் பணிவெளியையும் ஒழுங்குபடுத்துவது என்பது இந்தப் பங்கீட்டை வேலைக்கு ஏற்றபடி மாற்றுவதுதான்.

சாளரம் என்பது படத்தைக் காட்டும் சட்டம். ஒரே படத்துக்கு இரண்டு மூன்று சாளரங்கள் திறக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. அதன் பயன் பின்னால் வரும். பேனல் என்பது ஒரு வகைக் கருவிகளைச் சேர்த்துவைத்த சிறு பெட்டி: லேயர், ஹிஸ்டரி, ஆக்ஷன்ஸ், ஹிஸ்டோகிராம், கேரக்டர் என்று இருபதுக்கு மேல் உண்டு. எந்தப் பேனல் திறந்திருக்கிறது, எது எங்கே ஒட்டியிருக்கிறது, எந்த விசைக்கு எந்தக் கட்டளை என்பதையெல்லாம் ஒரு பெயரிட்டுச் சேமித்தால் அது பணிவெளி. கடைகளில் அதை ஒர்க்ஸ்பேஸ் என்றே சொல்கிறார்கள்.

இந்தப் பங்கீடு எந்த அளவுக்கு வேலையைப் பொறுத்தது என்பதைக் காண மணிமங்கலம் போன்ற ஊர் நல்ல இடம். பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கியன் இரண்டாம் புலிகேசியை வென்ற களங்களுள் ஒன்றாகச் செப்பேட்டில் பெயர் பெற்ற இந்த ஊர், இன்று தாம்பரத்துக்கும் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவில் தொழிற்சாலைகளின் நிழலில் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிசான் ஆலையும் 2012இல் டைம்லர் லாரி ஆலையும் வந்தன. ஆலை வந்தால் ஆள் வரும். ஆள் வந்தால் போட்டோ வேண்டும். மணிமங்கலம், படப்பை, ஒரகடம் கடைத்தெருக்களின் ஸ்டுடியோக்களுக்குக் காலையில் கேட் பாஸுக்குப் பாஸ்போர்ட் அளவுப் படம் கேட்டு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளி நிற்பார். பகலில் காதணி விழா பேனர். மாலையில் கல்யாண ஆல்பம். நடுவே யாராவது இறந்துபோன தாத்தாவின் கறையேறிய படத்தைத் துணிப்பையிலிருந்து எடுப்பார்கள். ஒரே கணினி, ஒரே மென்பொருள். படத்தின் வடிவம் மட்டும் மணிக்கொரு தரம் மாறுகிறது.

மென்பொருள்கள் வந்த வழி

சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கலாமா, பக்கம்பக்கமாகத்தான் இருக்க வேண்டுமா என்பது கணினியின் பழைய வழக்கு. 1985இல் வந்த விண்டோஸின் முதல் பதிப்பு, ஓடு பதித்த தரைபோலச் சாளரங்களைப் பக்கம்பக்கமாகத்தான் அடுக்கியது. ஒன்றை ஒன்று மூடுவது 1987இன் இரண்டாம் பதிப்பில்தான் வந்தது. தாமஸ் நால், ஜான் நால் சகோதரர்கள் 1987 முதல் உருவாக்கி, அடோபி நிறுவனம் 1990 பிப்ரவரியில் வெளியிட்ட போட்டோஷாப் முதலில் மெக்கின்டோஷுக்கு மட்டுமே இருந்தது. அதில் ஒவ்வொரு பெட்டியும் தனித்து மிதந்தது. 1994இல் வந்த 3.0 பதிப்பு லேயரைக் கொண்டுவந்தது. கூடவே, ஒரே பெட்டிக்குள் பல பேனல்களைத் தாவல்களாக அடுக்கும் வழியையும் கொண்டுவந்தது. லேயரின் புகழில் இரண்டாவது மறைந்துபோயிற்று. ஆனால் இன்று எல்லா மென்பொருளிலும் காணும் பேனல் அடுக்கு அங்கிருந்து வளர்ந்ததுதான்.

2000இல் வந்த 6.0 பதிப்பு மேலே ஆப்ஷன்ஸ் பட்டையை வைத்து, அதன் வலது முனையில் பேனல்களைச் செருகிவைக்க ஒரு பள்ளமும் கொடுத்தது. திரை 800 பிக்சலுக்கு மேல் அகலமாக இருந்தால்தான் அந்தப் பள்ளம் கண்ணுக்குத் தெரியும். அன்றைய பல கடைகளில் அது இருப்பதே தெரியாமல் போனது. 2002இன் 7.0 பதிப்பில்தான் பேனல்களின் அமைப்பைப் பெயரிட்டுச் சேமிக்க முடிந்தது. தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களில் வெகுகாலம் நிலைத்தது இந்த 7.0தான். அதில் கைபழகியவர்கள் பலர் பேனல்கள் மிதக்கும் பழக்கத்தைப் புதுப் பதிப்புகளுக்கும் கொண்டுவந்தார்கள். 2008இன் சிஎஸ்4, திறந்த படங்களை மேலே தாவல்களாக வரிசைப்படுத்தியது. 2010இன் சிஎஸ்5 பணிவெளியைத் தானாக நினைவில் வைத்துக்கொள்ளத் தொடங்கியது: ஒரு பேனலை நகர்த்தினால் மறுநாளும் அது நகர்ந்த இடத்திலேயே இருக்கும், பழைய நிலை வேண்டுமென்றால் ரீசெட் கொடுக்க வேண்டும்.

கிம்ப் வேறு பாதையில் வந்தது. 1995இல் பெர்க்லியில் ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்ற இரு மாணவர்கள் தொடங்கிய இந்தக் கட்டற்ற மென்பொருளில் டூல்பார் ஒரு சாளரம், லேயர் ஒரு சாளரம், ஒவ்வொரு படமும் ஒரு சாளரம். படத்தைச் சொடுக்கினால் லேயர் பின்னால் ஒளிந்துகொள்ளும். கிம்பைக் கைவிட்டவர்களில் பலர் அதன் திறமைக் குறைவால் கைவிடவில்லை. இந்தச் சிதறலால்தான் கைவிட்டார்கள். 2012 மே மாதம் வந்த 2.8 பதிப்பு ஒற்றைச் சாளர நிலையைக் கொடுத்தது, 2018இன் 2.10இல் அதுவே இயல்பு நிலையாயிற்று. உரிமம் வாங்க வசதியில்லாத கடைக்கு இன்றைய கிம்ப் தயங்காமல் பரிந்துரைக்கத் தக்கது.

மூன்றாவது வழி, பேனல்களை நகர்த்தவே விடாமல் வேலையைக் கட்டங்களாகப் பிரிப்பது. 2007இல் வந்த லைட்ரூம் தொகுப்பை ஓர் அறையிலும் திருத்தத்தை வேறோர் அறையிலும் வைத்தது. டார்க்டேபிள் என்ற மென்பொருளும் அதே வழி. நூற்றுக்கணக்கான கல்யாணப் படங்களை ஒரே மாதிரித் திருத்த இது ஏற்றது. பேனருக்கோ ஆல்பம் ஷீட்டுக்கோ ஆகாது.

வேலையின் வடிவம்

பேனல்களை எங்கே வைப்பது என்ற கேள்விக்குப் பெரும்பாலான பாடநூல்கள் வலது ஓரம் என்று சொல்லி முடித்துவிடுகின்றன. படத்தின் வடிவத்தைப் பார்த்த பிறகே இதற்கு விடை சொல்ல வேண்டும். இதைத் தெளிவாகக் காட்டுவது கல்யாண ஆல்பம்.

தமிழ்நாட்டில் பரவலாக ஓடும் ஆல்பம் ஷீட்டின் அளவு 12×36 அங்குலம். ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் 10800×3600 பிக்சல். உயரத்தைப்போல மூன்று மடங்கு அகலம்: மணமேடையின் பின்திரைபோல ஒரு நீண்ட பட்டை. இதை 1920×1080 திரையில், வழக்கம்போல வலது ஓரத்தில் பேனல்களை வைத்துத் திறந்தால், படத்துக்குக் கிடைக்கும் அகலம் 1580 பிக்சல். ஆகவே உயரம் 527. ஷீட்டுக்கு மேலும் கீழும் சாம்பல் நிறம் வீணாகக் கிடக்கும். இங்கே அரிய பொருள் அகலம். வலது ஓரத்துப் பேனல்கள் அதைத்தான் தின்கின்றன. பேனல்களைக் கழற்றி மிதக்கவிட்டு, எஃப் விசையால் முழுத்திரை நிலைக்குப் போய், ஸ்பேஸ் கட்டையை அழுத்தியபடி ஷீட்டை மேலே இழுத்துவிட்டால், அகலம் 1880 ஆகிறது, உயரம் 627. கீழே முந்நூறு பிக்சலுக்கு மேல் காலியிடம். லேயர், கேரக்டர், அட்ஜஸ்ட்மென்ட்ஸ் மூன்றையும் அங்கே பக்கம்பக்கமாக வைத்துவிடலாம். படத்தின் பரப்பு 40 சதவீதம் கூடுகிறது, ஒரு ரூபாய் செலவில்லாமல். 1366 பிக்சல் மடிக்கணினியில் இந்த லாபம் இன்னும் பெரிது. பரப்பு மூன்றில் இரண்டு பங்கு கூடும். ஆனால் கீழே மிஞ்சும் பட்டை ஒல்லியாக இருப்பதால் ஒரு பேனலைத்தான் திறந்துவைக்க முடியும்; மற்றவற்றைச் சின்னங்களாகச் சுருக்கிவைக்க வேண்டும். சின்னத் திரை உள்ளவருக்குத்தான் ஒழுங்கு அதிகம் தேவை என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது.

பேனர் இதற்கு நேர் எதிர். 10×8 அடி ஃபிளெக்ஸை அங்குலத்துக்கு 72 புள்ளியில் வடிவமைத்தால் 8640×6912 பிக்சல், ஏறத்தாழச் சதுரம். இங்கே பக்கவாட்டு இடம் தாராளமாக இருக்கிறது. தட்டுப்பாடு வேறு இடத்தில். மஞ்சள் நீராட்டு விழாப் பேனரில் தாய்மாமன் வரிசை, பெரியப்பா சித்தப்பா வரிசை, நண்பர்கள் வரிசை என்று முப்பது நாற்பது முகங்கள் வரும். ஒவ்வொரு முகமும் ஒரு லேயர், அதன் கீழுள்ள பெயர் இன்னொரு லேயர். லேயர் பேனல் திரையின் முழு உயரத்துக்கும் நீண்டிருக்க வேண்டும். கலர், ஸ்வாட்சஸ் போன்றவற்றை அதன் தலைமேல் உட்காரவிடக் கூடாது. இரவு பத்து மணிக்குக் கண்ணீர் அஞ்சலிப் பேனர் கேட்டு வந்து நிற்பவரை வைத்துக்கொண்டு, சரியான பெயரைத் தேடி லேயர் பட்டியலை ஏற்றி இறக்கும் நிலை டிசைனருக்கும் வேதனை, வந்தவருக்கும் வேதனை. லேயர்களுக்குப் பெயரிட்டு, வரிசைவாரியாகக் குழுக்களில் போட்டுவைத்தால்தான் நீண்ட பேனலும் பயன் தரும்.

பாஸ்போர்ட் படமும் அடையாள அட்டையும் சிறியவை. 35×45 மில்லிமீட்டர் படம் எட்டு, ஒரு 4×6 அங்குலத் தாளில் அடங்கும்: நீளவாட்டில் நான்கு, இரண்டு வரிசை. 85.6×54 மில்லிமீட்டர் அட்டை 300 புள்ளியில் 1011×638 பிக்சல்தான். ஏறக்குறைய முழு அளவிலேயே திரையில் அடங்கிவிடும். ஆகவே இடத்தைப் பற்றிக் கவலையில்லை. கவலையெல்லாம் வேகத்தைப் பற்றியது. இதற்கான பணிவெளியில் லேயர் பேனல்கூட வேண்டியதில்லை. ஆக்ஷன்ஸ் பேனலைப் பட்டன் நிலைக்கு மாற்றி, பெரிதாக வைத்தால் போதும்: வெட்டு, பின்னணி வெள்ளை, எட்டாக அடுக்கு, பிரிண்ட். பால் ஃபிட்ஸ் 1954இல் நிறுவிய விதி இங்கே நேராகப் பொருந்தும்: குறி பெரிதாகவும் அருகிலும் இருந்தால் கை சீக்கிரம் போய்ச் சேரும். ஒரு ஷிப்ட் முடிந்து இருபது பேர் ஒன்றாக வந்து நிற்கும்போது அந்த விதியின் மதிப்பு தெரியும். இணைய விண்ணப்பத்துக்குப் படம் கேட்பவர்களுக்கு மட்டும் இன்னொரு சாளரம் தேவைப்படும். டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம் 20 முதல் 50 கிலோபைட்டுக்குள் படத்தைக் கேட்கிறது. சேவ் ஃபார் வெப் சாளரம் மூலப் படத்தையும் சுருக்கிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டி, கீழே கோப்பின் அளவையும் சொல்லிவிடுகிறது.

பழைய படங்களைச் சீராக்கும் வேலைக்குத்தான் ஒரே படத்துக்கு இரண்டு சாளரம் என்ற வசதி பிறந்ததுபோலத் தோன்றும். விண்டோ மெனுவில் அரேஞ்ச் என்பதற்குள் அந்தப் படத்துக்கே புதுச் சாளரம் திறக்கும் கட்டளை இருக்கிறது. ஒரு சாளரத்தில் 200 சதவீதம் பெருக்கி, கன்னத்தில் ஓடும் மடிப்புக் கோட்டைக் குளோன் ஸ்டாம்பால் அடைக்கலாம். மற்றதில் முழுப் படமும் தெரியும். அடைக்க அடைக்க, முழுப் படத்தில் அந்த முகம் மாறுவது அப்போதைக்கப்போதே கண்ணில் படும். பெருக்கிய சாளரத்தை மட்டும் பார்த்து வேலை செய்தால் தோல் வழுவழுப்பாகும். ஆனால் தாத்தா தாத்தாவாக இருக்க மாட்டார். பழைய ஸ்டுடியோக்காரர்கள் நெகட்டிவின் மேல் பென்சிலால் தொட்டுத் திருத்தியபோதும் அவ்வப்போது தள்ளி நின்று பார்த்தார்கள். இரண்டாம் சாளரம் அந்தத் தள்ளி நிற்றல்தான். அந்தத் தலைமுறை ஸ்டுடியோக்களின் படங்களைப் பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் துணையோடு புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் எண்ணிமப்படுத்தியிருக்கிறது. ஊர்க் கடைக்கு வரும் கறையேறிய படமும் அதே இனத்தைச் சேர்ந்தது. அதே மரியாதைக்கு உரியது.

இரண்டு வேறு படங்களை ஒப்பிடவும் அரேஞ்ச் மெனுவே வழி. முகூர்த்தத்தில் காலை வெளிச்சத்தில் எடுத்த மணப்பெண்ணின் முகமும், வரவேற்பில் எல்இடி விளக்குகளின் கீழ் எடுத்த முகமும் ஒரே ஷீட்டில் வரும்போது இரண்டும் ஒரே பெண்ணின் நிறமாக இருக்க வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்து, மேட்ச் ஆல் கொடுத்தால் பெருக்கமும் இடமும் ஒன்றாகும். ஷிஃப்டையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்தி இழுத்தால் இரண்டு சாளரங்களும் சேர்ந்து நகரும்.

தமிழ் எழுத்தும் மூன்று சாளரங்களும்

தமிழ்நாட்டு டிசைனருக்கு உள்ள ஒரு சிக்கலை மென்பொருளின் கையேடுகள் சொல்வதில்லை. வாடிக்கையாளர் பேனருக்கான வாசகத்தை வாட்ஸப்பில் யூனிகோடில் அனுப்புகிறார். கடையில் உள்ள அழகான எழுத்துருக்களோ பெரும்பாலும் பாமினி போன்ற பழைய குறியீட்டில் இருக்கின்றன. எனவே வாட்ஸப் ஒரு சாளரம், எழுத்து மாற்றி ஒரு சாளரம், போட்டோஷாப் ஒரு சாளரம். தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பு உள்ள புதுப் பதிப்புகளில் யூனிகோடும் சரியாக வரும். ஆனாலும் பழைய எழுத்துருக்களின் மேல் உள்ள பிரியம் போகவில்லை. திருமணத் தலைப்பெழுத்துகளின் வளைவுகளைப் பார்த்தவர்கள் அந்தப் பிரியத்தைக் குறை சொல்ல மாட்டார்கள்.

மூன்று சாளரங்களுக்கிடையே தாவும்போதுதான் பிழை நுழைகிறது. மணிமங்கலம் வட்டாரத்தில் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் எழுத்து ஓர் ஊரின் பெயரிலேயே இருக்கிறது: ஸ்ரீபெரும்புதூர். ‘ஸ்ரீ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுத முடியும். பார்வைக்கு இரண்டும் ஒன்று. மாற்றிக்கு இரண்டும் வேறு. ஒரு விதத்தை அறிந்த மாற்றி மற்றதைச் சந்தித்தால் எழுத்து சிதையும். மூல வாசகம் கண்ணெதிரே இருந்தால்தான் சிதைவு தெரியும். பத்தடி அகலத்தில் அச்சான பிறகு தெரிந்து பயனில்லை. 2009இல் விண்டோஸ் 7 கொண்டுவந்த ஸ்னாப் வசதியில், விண்டோஸ் விசையோடு அம்பு விசையை அழுத்தினால் சாளரம் திரையின் பாதியில் ஒட்டிக்கொள்ளும். 1920 திரையில் போட்டோஷாப்புக்குப் பெரும்பகுதியையும் வாசகத்துக்கு ஓர் ஒல்லியான பத்தியையும் ஒதுக்கலாம். 1366 திரையில் பாதி என்பது 683 பிக்சல். அதில் போட்டோஷாப் மூச்சு முட்டும். அங்கே வாசகத்தைப் பார்க்கச் சாளரம் மாறி மாறித் தாவாமல், அதை முதலில் பேனர் கோப்பிலேயே ஓர் ஓர லேயராக ஒட்டிவைத்து, வேலை முடிந்ததும் அழிப்பது நல்லது. விண்டோஸ் 10 முதல் கிடைக்கும் மெய்நிகர் மேசைகளும் உதவும்: விண்டோஸ், கன்ட்ரோல், அம்பு மூன்றையும் அழுத்தினால் வாட்ஸப் இருக்கும் மேசைக்குப் போய்த் திரும்பலாம்.

சுற்றுப்புற நிறம்

பணிவெளியின் நிறம் அலங்காரமல்ல. போட்டோஷாப் 2012இன் சிஎஸ்6 பதிப்பில் கருஞ்சாம்பலுக்கு மாறியது, கிம்பும் 2.10இல் அப்படியே. கரிய சூழலில் வைத்த படம் கண்ணுக்கு உள்ளதைவிட வெளிச்சமாகத் தோன்றும். டிசைனர் அதை நம்பிப் படத்தை இருட்டாக்குவார். ஆல்பத்தின் வெள்ளை ஓரத்தில் அச்சாகி வரும்போது மாப்பிள்ளையின் முகம் கறுத்திருக்கும். பழி அச்சிட்ட லேப்பின் மேல் விழும். படத்தைச் சுற்றியுள்ள வெற்றிடத்தில் வலது சொடுக்கி நிறத்தை மாற்றலாம். அச்சுக்குப் போகும் படத்தை முடிக்கும் முன், டேப் விசையால் பேனல்களையெல்லாம் மறைத்து, சுற்றிலும் வெளிர்சாம்பலோ வெள்ளையோ வைத்து ஒரு முறை பார்ப்பது அவசியம். மானிட்டரின் வெளிச்சமும் அளவோடு இருக்க வேண்டும். முழு வெளிச்சத்தில் எரியும் மானிட்டரின் முன் எந்தப் பணிவெளியும் உதவாது.

வெள்ளை வேட்டியும் பட்டுச் சேலையின் சரிகையும் கல்யாணப் படத்தின் சோதனைக்களங்கள். வேட்டியின் மடிப்பு வெளுத்து மறைந்ததா, சரிகையின் இழை தெரிகிறதா என்பதைக் கண் மட்டும் சொல்லாது. ஆகவே நிறத் திருத்தத்துக்கான பணிவெளியில் ஹிஸ்டோகிராமும் இன்ஃபோ பேனலும் எப்போதும் திறந்திருக்க வேண்டும். இவற்றைத் தாவலுக்குப் பின்னால் ஒளித்துவைப்பது வேகமானியை மூடிவைத்து வண்டி ஓட்டுவது போன்றது.

ஒரு கணினி, இரண்டு கைகள்

கடையில் ஒரே கணினியில் பகலில் ஒருவரும் இரவில் ஒருவரும் உட்காருவது வழக்கம். பணிவெளி மாற்றங்களைத் தானாக நினைவில் வைக்கும் வசதி இங்கே தொல்லையாகிறது: காலை ஆள் நகர்த்திய லேயர் பேனலை இரவு ஆள் தேடுவார், இரவு ஆள் மாற்றியதைக் காலை ஆள் தேடுவார். இதற்குத் தீர்வைச் சொல்லிக்கொடுக்க வெளியூர்ப் புத்தகம் வேண்டாம். ஒரகடத்து ஆலைகளில் வேலை பார்க்கும் எவரையும் கேட்கலாம். ஜப்பானிய ஆலைகளில் பிறந்த ஃபைவ் எஸ் என்ற ஒழுங்குமுறை அங்கே சுவரில் எழுதப்பட்ட பாடம். அதன் முதல் படி செய்ரி: வேண்டாததை அப்புறப்படுத்து. இரண்டாவது செய்டன்: வேண்டியதற்கு ஓர் இடம் குறித்து, எடுத்த பின் அங்கேயே வை. ஆலையில் ஸ்பேனர் வரிசையின் நிழலுருவைப் பலகையில் வரைந்துவைப்பார்கள். ஒன்று குறைந்தால் வெற்று நிழல் காட்டிக்கொடுக்கும். ரீசெட் கட்டளை அந்தப் பலகைக்குச் சமம். ஷிப்ட் மாறும்போது ஒரு முறை ரீசெட் கொடுத்தால் எல்லாப் பேனலும் குறித்த இடத்துக்குத் திரும்பும்.

பணிவெளிக்கு ஆளின் பெயரை வைப்பதைவிட வேலையின் பெயரை வைப்பது மேல்: ஆல்பம், பேனர், பாஸ்போர்ட், பழைய படம். ஆளின் பெயரில் வைத்தால் எல்லா வேலைக்கும் பொதுவான ஒரு நடுத்தர அமைப்பு உருவாகும். அது எந்த வேலைக்கும் முழுதாகப் பொருந்தாது. நான்கு வேலைக்கு நான்கு பணிவெளி இருந்தால், மாறுவது ஒரு சொடுக்கு. இருவரின் கைப்பழக்கமும் மிகவும் வேறுபட்டால் விண்டோஸிலேயே தனித்தனிப் பயனர் கணக்கு வைத்துக்கொள்ளலாம். விசைக்கட்டளைகளும் பணிவெளிகளும் கணக்குவாரியாகப் பிரிந்திருக்கும். அண்மைப் பதிப்புகளில் பணிவெளியைப் பூட்டிவைக்கும் கட்டளையும் உண்டு. மவுஸ் தவறிப் பேனல் பிடுங்கிக்கொண்டு வருவதை அது தடுக்கும்.

இரண்டாவது மானிட்டர்

இரண்டாவது மானிட்டர் வாங்கியவர்கள் பெரும்பாலும் பேனல்களை அதில் போட்டுவிட்டு, முதல் மானிட்டரைப் படத்துக்கு விடுகிறார்கள். தவறில்லை, ஆனால் கண்ணும் கழுத்தும் நாள் முழுவதும் இரண்டு திரைக்கும் இடையே அலையும். அடிக்கடி தொடும் லேயர் பேனல் படத்தின் பக்கத்திலேயே இருந்து, ஹிஸ்டரி, நேவிகேட்டர், ஹிஸ்டோகிராம் போன்ற, பெரும்பாலும் பார்க்க மட்டும் பயன்படும் பேனல்கள் அந்தப் பக்கம் போவதே சிரமம் குறைந்தது.

ஊர்ப்புற ஸ்டுடியோவுக்கு அதைவிடச் சிறந்த பயன் ஒன்று இருக்கிறது. ஆல்பம் கரெக்ஷனுக்குப் பெண் வீட்டார் வருவார்கள்; அம்மா, அத்தை, தங்கை என்று நான்கு பேர் டிசைனரின் தோளுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்காருவார்கள். சின்னத் திரையில், பேனல்களுக்கு நடுவே, ஷீட்டின் எந்த மூலையில் என்ன மாறுகிறது என்று அவர்களுக்குப் புரியாது. இரண்டாவது மானிட்டரை அவர்கள் பக்கம் திருப்பி, அதே ஷீட்டுக்கு ஒரு புதுச் சாளரம் திறந்து, அங்கே முழு ஷீட்டையும் காட்டலாம். டிசைனர் தன் திரையில் நெருங்கிப் போய் மாமாவின் படத்தை ஓரத்திலிருந்து நடுவுக்கு நகர்த்துகிறார்; அந்தப் பக்கம் முழு ஷீட்டில் மாமா நடுவுக்கு வருகிறார். அத்தை உடனே சொல்லிவிடுவார், சரி அல்லது சரியில்லை என்று. அச்சான பின் கிளம்பும் சண்டைகள் பல இந்த ஒரு சாளரத்தால் இல்லாமல் போகும். இரண்டு மானிட்டர்களின் நிறமும் ஒத்திருக்கும்படி சரிசெய்துவிட்டால் இன்னும் நல்லது; இல்லையென்றால் சேலையின் நிறத்தில் பேச்சு வளரும்.

இரண்டாவது மானிட்டரைக் கழற்றும்போது அதில் இருந்த பேனல்கள் காணாமற்போனதாகச் சிலர் பதறுவார்கள். அவை திரைக்கு வெளியே நிற்கின்றன. ரீசெட் கொடுத்தால் திரும்பும். ஒற்றைத் திரைக்கும் இரட்டைத் திரைக்கும் தனித்தனிப் பணிவெளி வைத்திருந்தால் இந்தப் பதற்றமே வராது.

காப்பாற்றுதல்

போட்டோஷாப் தன் விருப்பங்களை முறையாக மூடும்போதுதான் எழுதிவைக்கிறது. மின்சாரம் போய் யுபிஎஸ் கைவிட்டால் அன்று அமைத்த ஒழுங்கு போய்விடும். சிஎஸ்6 முதல் படத்தைப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை தானே காத்துவைக்கும் வசதி உண்டு என்றாலும் பேனல்களின் அமைப்புக்கு அது பொருந்தாது. ஆகவே புதிதாக ஒழுங்குசெய்தவுடன் பெயரிட்டுச் சேமித்துவிட வேண்டும். சேமிக்கும்போது விசைக்கட்டளை, மெனு, டூல்பார் மூன்றையும் சேர்க்கலாமா என்று மென்பொருள் கேட்கும். மூன்றையும் தெரிவுசெய்வதே முறை. மென்பொருள் கிறுக்குப்பிடித்தால், திறக்கும்போது கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் சேர்த்து அழுத்தி விருப்பங்களை அழிக்கச் சொல்வார்கள். அதற்கு முன் பணிவெளிக் கோப்புகளையும் ஆக்ஷன்களையும் ஒரு பென்டிரைவில் நகலெடுத்துக்கொள்ள வேண்டும். பணிவெளிகள் பயனர் கோப்புறைக்குள் போட்டோஷாப் அமைப்புகளின் கீழ் சிறு கோப்புகளாக இருக்கின்றன. கணினி மாற்றும்போது அந்தக் கோப்புகளைப் புதுக் கணினியின் அதே இடத்தில் வைத்தால் பழைய ஒழுங்கு அப்படியே வந்துவிடும்.

இதுவரை சொன்னவை கணினிக்கு. கைபேசியில் படம் திருத்துபவர்களுக்குச் சாளரம் என்ற சிக்கல் அனேகமாக இல்லை. அங்கே கருவிகள் கட்டைவிரல் எட்டும் கீழ் ஓரத்தில் ஒரு வரிசையாக இருக்கின்றன. ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் திறக்கும். நெடுக்குவாட்டுப் படத்துக்கு அது போதும். ஆனால் 12×36 ஷீட்டைக் கைபேசியின் அகலத்தில் வைத்தால், மணமக்களின் முகம் கடுகளவாகத் தெரியும். ஆகவே ஆல்பத்தை வாடிக்கையாளரின் கைபேசிக்கு அனுப்பும் கடைகள், ஷீட்டை நடுவில் வெட்டி இரண்டு பக்கங்களாக அனுப்புகின்றன.